ஆல்டர்நேட்டிவ் ராக் இசை நிகழ்ச்சி: முதன்முறை செல்பவருக்கு ஓர் எளிய விளக்கம்

ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழு ஒன்றின் நேரடி நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்செழும்போது இரண்டு கருத்துகளைத் தவறாமல் கேட்கலாம். காதைக் கிழிக்கும் கூச்சலும் கட்டுக்கடங்காத கூட்டமும்தான் அங்கே இருக்கும் என்பது ஒன்று. ஆல்பத்தில் கேட்ட பாடல்களையே இன்னும் உரக்கக் கேட்பதற்கான ஏற்பாடு என்பது மற்றொன்று. முதற்கருத்தை நம்புகிறவர் அஞ்சி அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் ஆவலோடு போய், பாடல்கள் பதிவில் இருந்ததுபோல் இல்லையே என்று சலித்துத் திரும்புகிறார். இரு சாராருமே ஓர் அரிய இசை அனுபவத்தை இழக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வகை நிகழ்ச்சியில் இரைச்சல் என்பது இசைஞர்கள் தெரிந்தே கையாளும் மூலப்பொருள். பாடலும், அதை வாசிப்பவர்களும், ஒலிக்கருவிகளும், அறையும், கூட்டமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வோர் இரவும் கிடைப்பது வேறு. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே நிற்பது, எதைக் கவனிப்பது, எதற்கு ஆயத்தமாக இருப்பது என்பனவெல்லாம் தாமே தெளிவாகிவிடும்.

ஆல்டர்நேட்டிவ் ராக் எங்கிருந்து வந்தது

1980-களில் அமெரிக்காவில், பெரிய இசை நிறுவனங்களின் ஆதரவோ வணிக வானொலிகளின் ஒலிபரப்போ வாய்க்காத ராக் இசைக்குழுக்கள் பல இயங்கின. கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலி நிலையங்களும், சிறு முதலீட்டில் தொடங்கப்பட்ட பதிவு நிறுவனங்களும்தாம் அவற்றைக் கேட்போரிடம் கொண்டுசேர்த்தன. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980-இல் உருவான ஆர்.இ.எம்., நியூயார்க்கில் 1981-இல் உருவான சோனிக் யூத், பாஸ்டனில் 1986-இல் உருவான பிக்ஸீஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இம்மூன்றின் இசையும் ஒன்றுபோல் ஒலிக்காது. அன்றைய வெகுஜன ராக் இசையின் மினுமினுப்பான தயாரிப்பிலிருந்தும் சாகசத் தனிவாசிப்புகளிலிருந்தும் விலகி நின்றதே அவற்றுக்குள் இருந்த ஒற்றுமை.

1988 செப்டம்பரில் அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு இவ்வகை இசைக்கெனத் தனித் தரவரிசை ஒன்றைத் தொடங்கியது. 1991-இல் பெரி ஃபேரல் என்னும் ராக் பாடகர் லாலபலூசா என்னும் சுற்றுப்பயண இசைவிழாவைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான நிர்வானா குழுவின் நெவர்மைண்ட் ஆல்பம், 1992 ஜனவரியில் அமெரிக்க ஆல்பம் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. விளிம்பில் இருந்த இசை மிகக் குறுகிய காலத்தில் விளையாட்டரங்குகளை நிரப்பத் தொடங்கியது.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இன்றைய நிகழ்ச்சிகளில் காணும் பழக்கங்களில் பல, சில நூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய சிறு அரங்குகளில் பிறந்தவை. இருக்கைகள் இல்லாமை, உயரம் குறைந்த மேடை, அன்றாட உடையில் வந்து வாசிக்கும் இசைஞர்கள், ஒத்திகை பார்த்த நடன அசைவுகள் இல்லாமை, பாடல்களுக்கிடையே மிகக் குறைந்த பேச்சு ஆகிய யாவும் அங்கிருந்து வந்தவையே. பாடகர் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதையோ, கிட்டார் வாசிப்பவர் நெடுநேரம் தலைகுனிந்தே நிற்கிறார் என்பதையோ அலட்சியமாகக் கருதிவிடக் கூடாது. அவர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

பதிவும் மேடையும் வெவ்வேறு படைப்புகள்

ஒரே கதையை எழுதுவதற்கும் ஒரு கூட்டத்தின் முன் அமர்ந்து சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். எழுதுகிறவர் ஒரு வாக்கியத்தைப் பத்து முறை திருத்தலாம். சொல்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கேட்போர் முகத்தைப் பார்த்து, அவர்கள் ஒன்றிப்போன இடத்தில் கதையை நீட்டவும் கவனம் சிதறும் இடத்தில் சுருக்கவும் அவரால் முடியும்.

இசைப்பதிவு எழுதப்பட்ட கதையைப் போன்றது. பதிவுக்கூடத்தில் ஒவ்வொரு கருவியும் பெரும்பாலும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்யப்படுகிறது. ஒரே கிட்டார் பகுதியை இருமுறை, மும்முறை வாசித்து அடுக்கிச் செறிவூட்டுவார்கள். ஒரே பாடகரின் குரலைப் பல அடுக்குகளாக்கிப் பின்குரலாகவும் பயன்படுத்துவார்கள். ஆல்பத்தில் ஐந்து கிட்டார்கள் ஒலிக்கும் பாடலை மேடையில் இரண்டு கிட்டார்களோடு வாசிக்க வேண்டிவரும்போது, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று குழு முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவிலேயே பாடல் உருமாறிவிடுகிறது. முன்பதிவு செய்த ஒலிகளை மேடையில் ஓடவிட்டு இடைவெளியை நிரப்பும் குழுக்களும் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஓடும் பதிவோடு தாளம் பிசகாமல் செல்ல வேண்டியிருப்பதால், பாடலை அங்கேயே நீட்டும் சுதந்திரம் குறைந்துவிடும்.

சில குழுக்கள் இந்த மாற்றத்தையே தங்கள் கலையாக்கிக்கொண்டுள்ளன. ரேடியோஹெட் குழுவின் நிகழ்ச்சிகளில், பாடகர் தாம் யார்க் பாடிக்கொண்டிருக்கும் குரலைக் கிட்டார் இசைஞர் ஜானி கிரீன்வுட் அந்தக் கணத்திலேயே கருவியொன்றில் பிடித்து, துண்டாக்கி, சிதறடித்துத் திரும்ப ஒலிக்கவிடுவதைக் கேட்கலாம். பேர்ல் ஜாம் தன் பாடல் வரிசையை ஒவ்வோர் இரவும் மாற்றுவதற்குப் பெயர்பெற்ற குழு. 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சிகளை 72 தனித்தனி ஆல்பங்களாக அது வெளியிட்டது. ஒரே சுற்றுப்பயணத்தின் இத்தனை இரவுகளை வாங்கிக் கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்றால், ஒவ்வோர் இரவிலும் வேறு ஏதோ ஒன்று இருந்தது என்றுதானே பொருள்?

சுருங்கச் சொன்னால், பதிவோடு ஒப்பிட்டுக் குறை காண்பதற்குப் பதிலாக, தெரிந்த பாடல் இன்று எங்கே நீள்கிறது, எங்கே வெறுமையாகிறது, எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்று கேட்பதே இங்கே பயன்தரும் கேட்கும் முறை.

இரைச்சல் எவ்வாறு உருவாக்கப்படுகிறது

புதியவரை மிகவும் குழப்புவது கிட்டாரின் கரகரப்பும் வீறிடலும்தான். கருவி பழுதாகிவிட்டதோ, ஒலியமைப்பு சரியில்லையோ என்று தோன்றும். இதன் இயக்கத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மின்கிட்டாரின் உலோகத் தந்திகளுக்குக் கீழே, காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் என்னும் பகுதி இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னலையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி ஆம்ப்ளிஃபயர். எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் பெருக்கச் சொன்னால், அலையின் முகடுகள் மேலே எழ இடமின்றித் தட்டையாக வெட்டுப்படுகின்றன. இவ்வாறு வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு கூட அதன் மடங்குகளான பல மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். காதுக்குக் கரகரப்பாகவும் தடிமனாகவும் கேட்கும் இந்த ஒலிமாற்றமே டிஸ்டார்ஷன். முகடுகள் வெட்டப்படுவதால் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஆகவே தந்தியின் அதிர்வு தேய்ந்து கொண்டிருந்தாலும் ஒலி நெடுநேரம் நிலைத்து நிற்பதாகக் கேட்கும். ஒரே ஒரு கிட்டார் ஓர் அரங்கையே நிரப்பிவிடுவதன் இரகசியம் இதுதான்.

கிட்டார் வாசிப்பவரின் காலடியில் தரையில் வரிசையாகச் சிறு உலோகப் பெட்டிகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். காலால் மிதித்து இயக்கவும் நிறுத்தவும் கூடிய இந்த ஒலிமாற்றுக் கருவிகளுக்குப் பெடல் என்று பெயர். ஒன்று டிஸ்டார்ஷனைச் சேர்க்கும், ஒன்று எதிரொலியைச் சேர்க்கும், இன்னொன்று சுரத்தை மெல்ல அலையவிடும். தலைகுனிந்து நிற்கும் அந்த இசைஞர் பார்த்துக்கொண்டிருப்பது இவற்றைத்தான். மை பிளடி வேலன்டைன் போன்ற குழுக்களின் இசையில் பாதி கைகளால் உருவாகிறது என்றால், மீதி இந்தப் பெடல்களின் வழியே உருவாகிறது.

அடுத்தது ஃபீட்பேக். பொதுக்கூட்டங்களில் மைக்கை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனால் ஒரு கீச்சொலி எழுந்து எல்லோரையும் காதைப் பொத்த வைப்பதை யாவரும் அனுபவித்திருப்போம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, மீண்டும் ஸ்பீக்கர் வழியே வந்து, மறுபடியும் மைக்குக்குள் புகும் முடிவற்ற சுழற்சி அது. மின்கிட்டாரிலும் இதே சுழற்சி நிகழ்கிறது. ஆம்ப்ளிஃபயரின் உரத்த ஒலி தந்தியையே அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மீண்டும் பெருக்கப்பட்டு மீண்டும் தந்தியை உலுக்குகிறது. விரல் மீட்டாமலே தந்தி பாடத் தொடங்கிவிடும்.

பொதுக்கூட்டத்து மைக்கின் கீச்சொலி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாதது. ஆனால் கிட்டார் வாசிப்பவரால் தமது ஃபீட்பேக்கைப் பெருமளவு ஆள முடியும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார், கிட்டாரை எந்தக் கோணத்தில் திருப்புகிறார், எந்தத் தந்திகளை உள்ளங்கையால் அடக்குகிறார் என்பவற்றைப் பொறுத்து எந்தச் சுரம் எழும் என்பது மாறும். ஓர் இசைஞர் திடீரென்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஆம்ப்ளிஃபயரை நோக்கி இரண்டடி நடந்து, கிட்டாரை மெல்லச் சாய்த்தால், அவர் அந்தச் சுழற்சியைத் தேடிப் போகிறார் என்று அறிந்துகொள்ளலாம். என் கருத்தில், இவ்வகை நிகழ்ச்சியில் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளத்தக்க மிக அழகான தருணம் இது. அறையின் அளவும் சுவர்களின் அமைப்பும்கூட அந்த ஒலியில் பங்குபெறுவதால், நேற்று வேறோர் அரங்கில் எழுந்த அதே ஒலி இன்று அப்படியே எழுவதில்லை.

இவற்றோடு ஒலியளவின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய, ஏறத்தாழ முணுமுணுப்பான சரணம். அதையடுத்து எல்லாக் கருவிகளும் ஒருசேர வெடிக்கும் பல்லவி. பிக்ஸீஸ் இந்த முறையைத் தன் முத்திரையாக்கியது. நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் தாம் அவர்களைப் பின்பற்றியே எழுதியதாக வெளிப்படையாகச் சொன்னார். இந்த முரண் மேடையில்தான் முழுமையாக வேலை செய்கிறது. வீட்டில் கேட்கும்போது அமைதியான பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையே உள்ள வேறுபாடு நாம் வைத்திருக்கும் ஒலியளவுக்குள் அடங்கிவிடும். அரங்கிலோ அந்த வெடிப்பு நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வுகளைக் காதால் கேட்பதோடு உடலாலும் உணர்கிறோம்.

ஆக, டிஸ்டார்ஷன் ஒலியைத் தடிமனாக்குகிறது, ஃபீட்பேக் அதை முடிவின்றி நீட்டுகிறது, பெடல்கள் நிறம் மாற்றுகின்றன, அமைதியும் வெடிப்பும் மாறி மாறி வந்து அவற்றுக்கு உருவம் தருகின்றன. இந்த நான்கையும் பிரித்தறியத் தொடங்கியதும் கூச்சல் என்று தோன்றியது இசையாகக் கேட்கத் தொடங்கும்.

எங்கே நிற்பது

மேடைக்கு நேர் முன்னால் நிற்பதே சிறந்த இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். இசைஞர்களைப் பார்ப்பதற்கு அது சிறந்த இடம்தான், கேட்பதற்கு அன்று.

சிறு அரங்குகளில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும் மேடையிலிருந்து நேரடியாகவே உங்கள் காதை அடைகின்றன. பாடகரின் குரலுக்கு அந்த வலிமை இல்லை. அது மைக் வழியே மிக்ஸர் என்னும் ஒலிக்கலவைப் பலகைக்குச் சென்று, மேடையின் இருபுறமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வெளிவருகிறது. அந்த ஸ்பீக்கர்கள் அரங்கின் நடுப்பகுதியை நோக்கித் திருப்பப்பட்டிருப்பதால், முதல் வரிசையில் நடுவில் நிற்பவருக்குக் கிட்டாரும் டிரம்ஸும் இடிபோல் கேட்க, குரல் மட்டும் எங்கோ அமுங்கிப்போகும். பாடகர் சரியாகப் பாடவில்லை என்று அவர் முடிவுகட்டிவிடக் கூடும்.

மிக்ஸரை இயக்கும் ஒலிப் பொறியாளர் வழக்கமாக அரங்கின் நடுவிலோ பின்பகுதியிலோ, மேடைக்கு எதிரே அமர்ந்திருப்பார். தம் காதில் விழுவதை வைத்தே அவர் எல்லாவற்றையும் சமன்செய்கிறார் என்பதால், அவருக்கு அருகே, சற்று முன்னால் நிற்பவருக்கே மிகத் தெளிவான ஒலி கிடைக்கும். சுவர் ஓரங்களிலும் மூலைகளிலும் தாழ்ந்த ஒலிகள் குவிந்து மற்றவற்றை மூழ்கடித்துவிடும்.

முதற்பாடல் குழம்பிய ஒலியோடு தொடங்கினால் உடனே ஏமாற்றமடைய வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முன் ஆளில்லாத அரங்கில் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடந்திருக்கும். ஆனால் மனித உடல்களும் உடைகளும் ஒலியை, குறிப்பாக உயர்ந்த ஒலிகளை, உறிஞ்சிக்கொள்பவை. ஆட்கள் நிறைந்ததும் அரங்கின் ஒலிக்குணமே மாறிவிடுகிறது. பொறியாளர் முதல் ஓரிரு பாடல்களில் மீண்டும் எல்லாவற்றையும் திருத்தியமைக்கிறார். இரண்டாவது, மூன்றாவது பாடலில் குரல் சட்டென்று தெளிவடைவதை நீங்களே கவனிக்கலாம். மிக்ஸரின் முன் இருக்கும் அவரையும் குழுவின் ஓர் உறுப்பினராகக் கருதுவதே நியாயம்.

திறந்தவெளி விழாக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில்தான் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரை அது ஏறத்தாழ 0.3 நொடி தாமதமாகவே அடைகிறது. திரையில் டிரம் அடிப்பது தெரிந்த பின்னரே ஓசை கேட்பது இதனால்தான். தொலைவில் நிற்பவர்களுக்காக மைதானத்தின் நடுவே நிறுவப்படும் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்களும், மேடையின் ஒலியோடு ஒத்துப்போக, கணக்கிட்ட தாமதத்தோடு ஒலிக்குமாறு அமைக்கப்படுகின்றன.

அந்த மாலை எப்படி நகரும்

நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். முதன்மைக் குழு மேடையேறும் நேரம் அதற்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத்தான் வரும். இடையில் ஒன்றிரண்டு தொடக்கக் குழுக்கள் வாசிக்கும். இவற்றைத் தவிர்த்துவிட்டுத் தாமதமாக வருவோர் பலர். அவ்வாறு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். தொடக்கக் குழுவைப் பெரும்பாலும் முதன்மைக் குழுவே தேர்வு செய்கிறது அல்லது ஏற்றுக்கொள்கிறது. தாங்கள் மதிக்கும் இசை எத்தகையது என்று அவர்கள் நமக்குக் காட்டும் இடம் அது. நாளை பெரும் பெயர் பெறப்போகும் குழுவை முப்பது பேரோடு நின்று கேட்கும் வாய்ப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறும் இடைவேளையில் மேடையில் ஆட்கள் கருவிகளை மாற்றி, ஒவ்வொரு மைக்கையும் தந்தியையும் தட்டிப் பார்ப்பார்கள். இது அரை மணி நேரம்வரை நீளலாம். அப்போது மேடையோரம் பல கிட்டார்கள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் அதை ஆடம்பரம் என்று எண்ணிவிட வேண்டாம். சோனிக் யூத் போன்ற குழுக்கள் பாடலுக்குப் பாடல் தந்திகளின் சுருதியை வழக்கத்துக்கு மாறாக அமைத்தவை. ஒவ்வொரு பாடலுக்கும் மேடையில் நின்று சுருதி மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கிட்டாரை ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

வாசிக்கவிருக்கும் பாடல்களின் வரிசைப் பட்டியலான செட்லிஸ்ட், தாளில் எழுதப்பட்டு இசைஞர்களின் காலடியில் ஒட்டப்பட்டிருக்கும். உங்களுக்கு மிகப் பிடித்த பாடல் அதில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவி தொலைக்காட்சிக்காக நிர்வானா வாசித்தபோது, தன்னை உலகறியச் செய்த பாடலை அறவே தவிர்த்தது. வாசித்த 14 பாடல்களில் 6 பிறருடையவை. அந்த இரவு இன்று அக்குழுவின் மிகச் சிறந்த வாசிப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. கேட்போர் கேட்பதையெல்லாம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் தாங்கள் என்ற உணர்வு இவ்வகை இசைஞர்களிடம் வலுவாக உண்டு. அதை நான் மதிக்கிறேன்.

கடைசிப் பாடல் என்று சொல்லிவிட்டு இசைஞர்கள் உள்ளே போனதும் உடனே கிளம்பிவிட வேண்டாம். கூட்டத்தின் கைத்தட்டலுக்குப் பின் அவர்கள் மீண்டும் வந்து வாசிக்கும் சில பாடல்களுக்கு என்கோர் என்று பெயர். பெரும்பாலும் இது முன்கூட்டியே செட்லிஸ்டில் எழுதப்பட்டிருக்கும். அரங்கின் விளக்குகள் முழுமையாக எரிந்து, ஸ்பீக்கர்களில் பதிவிசை ஒலிக்கத் தொடங்கினால் நிகழ்ச்சி முடிந்தது என்று அறியலாம். சில குழுக்கள் என்கோர் வைப்பதே இல்லை.

கூட்டத்தின் இயல்பு

மாஷ் பிட் என்பது, மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரையொருவர் தள்ளியும் மோதியும் ஆடும் வெளி. 1980-களின் தொடக்கத்தில் ஹார்ட்கோர் பங்க் என்னும் வேகமும் முரட்டுத்தனமும் மிக்க ராக் வகையின் அமெரிக்க நிகழ்ச்சிகளில் உருவாகி, பின்னர் ஆல்டர்நேட்டிவ் ராக் அரங்குகளுக்குப் பரவியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடிதடிபோலத் தோன்றினாலும் அதற்கு எழுதப்படாத விதிகள் உண்டு. விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த வேண்டும். முஷ்டியையோ முழங்கையையோ உயர்த்தக் கூடாது. விருப்பமில்லாதவரை உள்ளே இழுக்கக் கூடாது. கூட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டு பிறரைத் தகாத முறையில் தொடுபவர் எவரையும் அருகிலிருப்போர் பொறுத்துக்கொள்ளாமல் பாதுகாவலர்களிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லா ஆல்டர்நேட்டிவ் ராக் நிகழ்ச்சிகளிலும் பிட் இருக்கும் என்பதும் தவறான எண்ணமே. பல குழுக்களின் நிகழ்ச்சிகளில் கூட்டம் அசையாமல் நின்று கேட்கும். ஓரடி பின்வாங்கி நின்றாலே பெரும்பாலும் அந்த வெளியிலிருந்து விலகிவிடலாம்.

வாஷிங்டன் டி.சி. நகரின் ஃபுகாஸி குழு இவ்விஷயத்தில் தெளிவான நிலைப்பாடு எடுத்தது. எல்லா வயதினரும் நுழையும்படி, 5 டாலர் அளவிலான குறைந்த கட்டணத்தில் நிகழ்ச்சிகள் நடத்திய அக்குழுவினர், யாராவது பிறரைக் காயப்படுத்தும் வகையில் ஆடினால் பாடலையே நிறுத்திக் கண்டித்தனர். கேட்காதவரைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினர். மிக உக்கிரமான இசையையும் பிறர்மீதான அக்கறையையும் ஒரே மேடையில் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. மாஷ் பிட்டில் ஆட்கள் அசைய இடம் உண்டு. அசையவே இடமில்லாத நெரிசல்தான் உயிரைப் பறிப்பது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னான நெரிசலில் 9 பேர் உயிரிழந்தனர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கு பேர்வரை நிற்கும்போது ஒருவர் தம் விருப்பப்படி நகர முடியும். ஆறு அல்லது ஏழு பேர் ஆகிவிட்டால் தனிமனித முடிவுகளுக்கு அங்கே இடமில்லை. கூட்டம் ஒரே பாய்மம்போல நடந்துகொள்ளத் தொடங்கி, பின்னாலிருந்து எழும் சிறு தள்ளல்கூட அலையாகப் பரவி முன்னால் பெரும் அழுத்தமாகிவிடும். இத்தகைய நெரிசலில் மரணம் பெரும்பாலும் மிதிபடுவதால் நேர்வதில்லை; மார்பு விரிய இடமின்றி மூச்சடைப்பதால் நேர்கிறது.

ஆகவே, உங்கள் விருப்பமின்றி உடல் அங்குமிங்கும் அலைக்கழிக்கப்படுவதை உணர்ந்த உடனேயே வெளியேறத் தொடங்குங்கள். இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். வரும் அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது தணியும் இடைவேளைகளில் பக்கவாட்டில் குறுக்காக நகருங்கள். முன்வரிசையில் இருந்தால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் பாதுகாவலரிடம் கை உயர்த்திக் காட்டினால் அவர்கள் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். எந்தப் பாடலுக்காகவும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காதுகளைக் காத்துக்கொள்ளுதல்

ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு டெசிபெல். இந்த அளவுகோலில் 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்காகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு, நாளொன்றுக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம் என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடமே மிஞ்சும். ராக் நிகழ்ச்சிகளின் ஒலி பெரும்பாலும் இந்த 100-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும்; நிகழ்ச்சியோ ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, அரங்குகளின் சராசரி ஒலியளவு 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றும், காது பாதுகாப்புச் சாதனங்களும் அமைதியான ஓய்விடங்களும் அங்கே கிடைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இவ்வளவு பெரிய இழப்பைத் தடுப்பதற்குக் காதில் செருகும் இயர்பிளக் போதும் என்பது வியப்புக்குரியது. அதை அணிவது இசையை அவமதிப்பது என்று எண்ணுவோர் உண்டு. மை பிளடி வேலன்டைன் 2008-இல் மீண்டும் மேடையேறியபோது, நிகழ்ச்சியின் இறுதியில் பல நிமிடங்கள் நீளும் பேரிரைச்சலுக்காக, ரசிகர்களுக்கு இயர்பிளக்குகளை வழங்கியது. உரத்த இசைக்கே பெயர்பெற்ற குழு செய்ததைச் செய்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

மலிவான நுரைப் பிளக்குகள் உயர்ந்த ஒலிகளை மிகுதியாகத் தடுப்பதால் இசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கலாம். இசை கேட்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வடிகட்டிப் பிளக்குகள் எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பவை. அவற்றை அணிந்து கேட்கும்போது, மிகை ஒலியில் ஒன்றோடொன்று கலந்துபோன குரலும் கிட்டாரும் பிரிந்து தெளிவாகக் கேட்பதுண்டு. முதற்பாடல் தொடங்கும் முன்பே அணிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்பதைத் தவிர்க்க வேண்டும். இடைவேளைகளில் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். குழந்தைகளை அழைத்துச் சென்றால் காதை முழுவதும் மூடும் காப்பு அவசியம்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் காதுக்குள் ரீங்காரம் கேட்பதும், பிறர் பேசுவது மங்கலாகத் தெரிவதும் செவிச் செல்கள் களைத்துப்போனதன் அறிகுறிகள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இது தணிந்துவிடும். அன்றிரவும் மறுநாளும் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்காமல் காதுகளை அமைதியில் விடுவது நல்லது. ஓரிரு நாள்களுக்குப் பின்னும் ரீங்காரம் நீடித்தாலோ, ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருந்தாலோ, தானே சரியாகிவிடும் என்று காத்திராமல் காது மருத்துவரிடம் உடனே காட்டிவிட வேண்டும்.